ஸ்வெட்டர் சார் என்ன பாடம் எடுக்கிறார்?

அந்தக் கொரியத் தொடரில் வரும் வாத்தியார் என்ன பாடம் எடுக்கிறார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வகுப்புக்கு வருகிறார். சாக்பீஸைக் கையில் எடுக்கிறார். கரும்பலகையில் ஒரு வரி எழுத ஆரம்பிக்கிறார். பாதி எழுதுவதற்குள் பின்னால் யாராவது அழுகிறார்கள், அல்லது அழாமல் இருக்கிறார்கள். இரண்டில் எது நடந்தாலும் அவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிடுகிறார். பிறகு மொட்டை மாடி, மழை, பியானோ. அந்தப் பாதி வரி அப்படியே பலகையில் தொங்கிக்கொண்டிருக்கும். நான் கணக்கு வாத்தியார். முடிக்காத வரியைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது.

“அது என்ன சப்ஜெக்ட்?” என்று மனைவியிடம் கேட்டேன்.

“மனுஷங்க” என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“அதுக்குப் பரீட்சை உண்டா?”

“நீங்க எழுதினா ஃபெயில்.”

மனைவிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. நாள் முழுக்க ஊரார் கையில் ஊசி குத்திவிட்டு வருகிறவள். வீட்டுக்கு வந்ததும் கையுறையைக் கழற்றிவிடுவாள். குத்துவதை நிறுத்த மாட்டாள்.

தொடரை ஆரம்பித்து வைத்தது அவள்தான். நான் செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்து கிண்டல் செய்துகொண்டிருந்தேன். இரண்டாவது எபிசோடில் செய்தித்தாளை மடித்தேன். மூன்றாவதில் விடைத்தாள் கட்டை மேஜைக்கு அடியில் தள்ளினேன். பேசுவது கொரிய மொழி என்பதால் கீழே ஓடும் எழுத்தைப் படித்தால்தான் கதை. ஒரு கண்ணால் படித்து ஒரு கண்ணால் திருத்தலாம் என்று பார்த்ததில், ஒரு பையனுக்கு அவன் எழுதவே எழுதாத விடைக்கு முழு மதிப்பெண் போட்டுவிட்டேன். அவன் இன்றுவரை வந்து கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எங்கள் இருவருக்கும் இடையில் நல்ல புரிதல் இருக்கிறது.

அந்த வாத்தியாருக்கு நீளமான பெயர். காதில் நுழைந்தது; வாய் வழியாகத் திரும்பி வரவில்லை. எந்நேரமும் பழுப்பு நிற ஸ்வெட்டர் போட்டிருப்பதால் எங்கள் வீட்டில் அவர் ஸ்வெட்டர் சார். அவருடைய வகுப்பில் காதை அடைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பெண், ஹெட்போன். வில்லன் அந்தப் பள்ளியின் முதல்வர். அவருடைய அறையில் மீன் தொட்டி இருக்கிறது. அறையில் மீன் தொட்டி வைத்திருப்பவர் நல்லவராக இருக்க முடியாது என்பதை நாம் முதல் காட்சியிலேயே புரிந்துகொள்ள வேண்டும்.

மற்றபடி எனக்குப் புரியாதவைதான் அதிகம். அந்தப் பள்ளியில் மொத்தமே ஒரு வகுப்புதானா? ஹெட்போன் பாதி வகுப்பில் எழுந்து வெளியே போனால் ஸ்வெட்டர் சாரும் பின்னாலேயே ஓடுகிறார். மீதிப் பிள்ளைகள் சிலை மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். நான் மூக்குச் சிந்தத் திரும்பினால்கூட என் வகுப்பில் இரண்டு பெஞ்சுகள் இடம் மாறியிருக்கும். முக்கியமான பேச்செல்லாம் அங்கே மொட்டை மாடியில் நடக்கிறது. எங்கள் பள்ளி மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி, உடைந்த நாற்காலிகள், புறாக்கள். சாவி காவலாளியிடம். காரணம் சொல்லாமல் தர மாட்டார். மனம் விட்டுப் பேச என்று ஒரு காவலாளியிடம் காரணம் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

இத்தனை கேள்விகள் இருந்தும், ஸ்வெட்டர் சார் தலையைச் சாய்க்கும் போதெல்லாம் மடித்த செய்தித்தாளை மறுபடி விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பிள்ளை எதையோ மறைக்கிறது என்று தெரிந்ததும் அவர் பேசுவதில்லை. தலையை இடது தோள் பக்கம் மெல்லச் சாய்த்து, கண்ணைக் கொஞ்சம் சுருக்கி, காத்திருப்பார். பியானோ ஆரம்பிக்கும். பிள்ளை உடைந்துவிடும். நான் இத்தனை வருடமாகப் பிள்ளைகளைப் பார்த்ததெல்லாம் கொடிக்கம்பம் மாதிரி நிமிர்ந்த கழுத்தோடு. அதனால்தான் என்னிடம் ஒருவரும் உடையவில்லையோ என்று தோன்ற ஆரம்பித்தது.

இந்த நிலையில் ஒரு வியாழக்கிழமை தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

அவருடைய அறையில் மீன் தொட்டி இல்லை. கேடயங்கள் இருந்தன. பின்சுவரில் ‘இதயத்தால் கற்பிப்போம்’ என்று பெரிய பேனர். இந்த வருடத்துத் திட்டம் அது. போன வருடத்துத் திட்டம் ‘மூளையால் வெல்வோம்’. அந்த பேனரைத் திருப்பிப் போட்டு அதன் முதுகில்தான் இதயத்தை அச்சடித்திருந்தார்கள். வெயில் நேரத்தில் இதயத்துக்குள் மூளை தெரியும்.

“உக்காருங்க சார். நம்ம பள்ளி ஒரு குடும்பம்” என்றார். எதிரில் ஒரு ஆள் இருந்தாலும் மைக் முன்னால் நிற்பது போலத்தான் பேசுவார். இந்த வாக்கியத்துக்குப் பின்னால் நல்ல சேதி வந்து நான் பார்த்ததில்லை.

“சொல்லுங்க மேடம்.”

“உங்க கிளாஸ் பொண்ணு ஒருத்தி, கணக்குக்கு மட்டும் பி செக்‌ஷனுக்குப் போயிடறேங்கறா.”

பெயரைச் சொன்னார். ரப்பர்.

ரப்பர் என்பது நான் வைத்த பெயர். முதல் பெஞ்சு, ஜன்னலோரம். வகுப்பிலேயே நன்றாகக் கணக்குப் போடுகிற பிள்ளை. ஆனால் ஏழாவது வரியில் ஒரு குறி தப்பினால், ஏழாவது வரியை மட்டும் அழிக்க மாட்டாள். முதல் வரி வரை மொத்தத்தையும் அழிப்பாள். தாள் தேய்ந்து ஓட்டையாகி அடுத்த பக்கம் தெரியும். “ரப்பர், இது நோட்டா சல்லடையா?” என்று கேட்பேன். பொடியை ஊதித் தள்ளிவிட்டு மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பிப்பாள். என் வாய்க்குப் பயப்படாத ஒரே பிள்ளை.

“காரணம் என்ன சொல்றா?”

“வாயைத் திறக்க மாட்டேங்கறா. நானும் ரொம்பக் கனிவாத்தான் கேட்டேன்.” சொல்லும்போதே அவர் தலை இடது பக்கம் லேசாகச் சாய்ந்தது. இவரும் தொடர் பார்க்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. “வீட்டுல வேற பிரச்சினை, பாவம். அவ கேக்கறபடி திங்கக்கிழமை மாத்தி விட்டுடலாம்னு இருக்கேன். அதுக்குள்ள நீங்க பேசிப் பாக்கறதுன்னா பாருங்க. குடும்பத்துல இதெல்லாம் சகஜம்.”

என் வகுப்பிலிருந்து ஓடியவர்கள் முன்னாலும் உண்டு. கணக்கு வராதவர்கள், என் வாயைத் தாங்காதவர்கள். அவர்கள் போனதில் எனக்கும் வருத்தமில்லை, அவர்களுக்கும் இல்லை. இது வேறு. கணக்கு வருகிற பிள்ளை. நான் திட்டிக்கொண்டிருந்த வருடமெல்லாம் முதல் பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருந்தவள். வாழ்க்கையில் முதல்முறையாக நான் நல்லவனாக நடந்துகொள்ள ஆரம்பித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, மூட்டை கட்டுகிறாள். திங்கட்கிழமைக்குள் அவளை எப்படியாவது நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. அதற்கு முதலில் ஏன் போகிறாள் என்று தெரிய வேண்டும். இரண்டுக்கும் எனக்கு வழி தெரியவில்லை.

நான் நல்லவனான கதையையும் சொல்லிவிடுகிறேன்.

ஆசிரியர்கள் அறையில் பிஸிக்ஸ் டீச்சர்தான் சேதி கொண்டுவந்தார். ரப்பரின் அப்பா வீட்டை விட்டுப் போய்த் தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கிறாராம். “அந்தக் குழந்தை முகத்தைப் பாத்தீங்களா, பாவம்” என்றார். நான் பார்த்ததில்லை. நோட்டைத்தான் பார்ப்பேன். அன்று மாலை நாங்கள் பார்த்த எபிசோடில் ஹெட்போனின் அப்பாவும் அப்படித்தான் போயிருந்தார். எனக்குச் சுரீரென்றது. என் ஹெட்போன் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், நான் அவளைச் சல்லடை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாளிலிருந்து பட்டப்பெயரை நிறுத்தினேன். முழுப்பெயரைச் சொல்லி, கடைசியில் ஒரு ‘அம்மா’வும் சேர்த்துக் கூப்பிட்டேன். தலையைச் சாய்த்துப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். வீட்டில் பீரோ கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தபோது மனைவி கடந்து போனாள்.

“சுளுக்கா?”

“கனிவு.”

“தைலம் தேய்ச்சுக்கோங்க.”

அடுத்தது பால். ஆறாவது எபிசோடில் ஸ்வெட்டர் சார் ஒருவருக்கும் தெரியாமல் ஹெட்போனின் மேஜையில் வாழைப்பழ வாசனைப் பால் ஒன்றை வைத்துவிட்டுப் போவார். அவள் அதைக் குடிக்க மாட்டாள். கையில் வைத்துக்கொண்டே அழுவாள். நான் கடையில் போய் வாழைப்பழப் பால் கேட்டேன். கடைக்காரர் வாழைப்பழத்தைத் தனியாகவும் பாலைத் தனியாகவும் காட்டினார். சாக்லேட் பால்தான் கிடைத்தது. இடைவேளையில் ரகசியமாக வைத்துவிட்டுத் திரும்பினால் வாசலில் மொத்த வகுப்பும் நிற்கிறது. “சார், எங்களுக்கு?” என்று ஒருவன் ஆரம்பித்தான். ரப்பர் பாலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் தலையைச் சாய்த்தேன். அவள் டப்பாவைப் பக்கத்து பெஞ்சுக்கு நகர்த்திவிட்டு நோட்டைத் திறந்தாள். பியானோ எதுவும் கேட்கவில்லை.

பிறகு மொட்டை மாடி.

“எதுக்கு சார் சாவி?” என்றார் காவலாளி.

“ஒரு பிள்ளைகிட்ட பேசணும்.”

“அதைக் கீழயே பேசலாமே. மேல புறா நாஸ்தி பண்ணி வெச்சிருக்கு.”

ஆகவே மாடிப்படிக்குக் கீழே, தீயணைக்கும் மணல் வாளிக்குப் பக்கத்தில் நின்று பேசினோம்.

“எல்லாம் சரியா இருக்காம்மா?”

“இருக்கு சார்.”

“நிஜமாவா?”

“நிஜமா சார்.”

தலையைச் சாய்த்துக் காத்திருந்தேன். ரொம்ப நேரம் காத்திருந்தேன்.

“சார், கழுத்து வலிக்குதா?” என்று கேட்டாள்.

அதற்கு மறுநாள்தான் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பியது.

வெள்ளிக்கிழமை பி செக்‌ஷன் கணக்கு வாத்தியாரைப் பிடித்தேன். இளைஞர். சாக்பீஸ் தொடுவதில்லை, எல்லாம் திரையில்தான் ஓட்டுவார். நல்ல பிள்ளை, என்னைக் கண்டால் எழுந்து நிற்பார். அதனாலேயே எனக்கு அவரைப் பார்த்தால் வயதாகும்.

“தம்பி, உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா?”

“ஏன் வரேன்னு கேட்டேன் சார். அதுக்கு அந்தப் பொண்ணு என்னை ஒரு கேள்வி கேட்டுச்சு.”

“என்னன்னு?”

“நீங்க கொரியன் சீரியல் பாப்பீங்களான்னு. நமக்கு அதெல்லாம் பழக்கமில்லைன்னேன். அப்படின்னா சரின்னு போயிடுச்சு.” தலையைச் சொறிந்தார். “கணக்குக்கும் அதுக்கும் என்ன சார் சம்பந்தம்?”

எனக்கும் புரியவில்லை. தொடர் பார்க்காத ஒருவரிடம் ஒரு பிள்ளைக்கு என்ன ஆறுதல் கிடைத்துவிடப் போகிறது? பாவம், தெரியாமல் போய் விழுகிறாளே என்றுதான் நினைத்தேன்.

அன்று மாலை மனைவியிடம் சொன்னேன். அவள் விஷயத்தைக் கேட்டுக்கொண்டே ரிமோட்டைக் கையில் எடுத்தாள். “அப்ப எட்டாவது எபிசோடுதான்” என்றாள்.

எட்டாவது எபிசோடில் ஸ்வெட்டர் சார் கொட்டுகிற மழையில் ஹெட்போனின் வீட்டுக்குப் போவார். அப்பாவும் அம்மாவும் எதிரே நிற்பார்கள். இவர் ஒரு வார்த்தை பேசாமல் அவர்கள் முன்னால் மண்டியிடுவார். ஹெட்போன் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு, தொடர் ஆரம்பித்ததிலிருந்து முதல்முறையாக ஒரு முழு வாக்கியம் பேசுவாள்.

“நான் போய் என்ன சொல்றது?”

“அவர் என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல. மண்டி போட்டாரு.”

மனைவி என் முட்டியைப் பார்த்தாள். “நீங்க நின்னுட்டே இருங்க.”

“அவங்க தப்பா எடுத்துக்கிட்டா?”

“வாத்தியார் வீடு தேடி வந்தா யாராவது தப்பா எடுத்துப்பாங்களா? வெறுங்கையோட போகாதீங்க, அவ்வளவுதான்.”

எட்டாவது எபிசோடை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தேன், பாடம் தயாரிக்கிற மாதிரி.

சனிக்கிழமை காலை ஒரு பை ஆரஞ்சோடு கிளம்பினேன். மழை இல்லை. சுள்ளென்று வெயில். குடையை எடுத்துப் போனதற்குக் காரணம் என்னிடம் கேட்காதீர்கள்.

பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு அது. வாசலில் தபால் பெட்டிகள் வரிசையாகத் தொங்கின. பாதிக்கு மூடி இல்லை. படிக்கட்டுக் கைப்பிடியில் குழந்தைகள் சைக்கிளைச் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். ஏதோ ஒரு வீட்டிலிருந்து சலவைத்தூள் வாசனையும் இன்னொரு வீட்டிலிருந்து தொலைக்காட்சிச் செய்தியும் இறங்கி வந்தன. இரண்டு மாடி ஏறி, மூச்சு வாங்க நின்று, நிமிர்ந்து பார்த்தால், அடுத்த மாடிக்குப் போகும் படிகளில் நடுப்படியில் ரப்பர் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் அட்டை, அட்டையில் நோட்டு. காலடியில் அழித்த பொடி.

“சார்” என்றாள். எழுந்து நின்றுகொண்டாள். படியை அடைத்துக்கொண்டு நின்றாள் என்பதுதான் சரி.

“சும்மா இந்தப் பக்கம் வந்தேன்.”

“ஆரஞ்சோடயா?”

“வழியில வாங்கினது.”

என் கையிலிருந்த குடையைப் பார்த்தாள். வெளியே வெயிலைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: “எட்டாவது எபிசோடா சார்?”

நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். “நீயும் பாக்கறியா?”

“எப்பவோ முடிச்சிட்டேன். நீங்க பால் டப்பா வெச்ச அன்னைக்கே தெரிஞ்சு போச்சு. அது ஆறு. அப்புறம் காவலாளி தாத்தாகிட்ட மாடிச் சாவி கேட்டீங்க, அது ஏழு. அடுத்தது வீட்டுக்குத்தானே வருவீங்க? அதான் செக்‌ஷன் மாத்தித் தரச் சொன்னேன். வேற கிளாஸ் பிள்ளை வீட்டுக்கு வர மாட்டீங்கல்ல.”

இந்தக் காட்சிக்கு நான் தயாராகி வரவில்லை. “உனக்கு நல்லது பண்ணலாம்னுதான்...” என்று ஆரம்பித்தேன்.

“சத்தமாப் பேசாதீங்க சார். உள்ள அம்மாவும் இருக்காங்க, அப்பாவும் இருக்காங்க. அப்பா முந்தாநாள்தான் திரும்பி வந்தார். சண்டை இல்ல. பேச்சும் இல்ல. ஃபேனை யார் போடறதுன்னுகூட அவ்வளவு மரியாதையா இருக்காங்க. நீங்க போய் உள்ள நின்னீங்கன்னா, ‘பாரு, உன்னாலதான் வாத்தியார் வீடு வரைக்கும் வர வேண்டியதாப் போச்சு’ன்னு யாராவது ஒருத்தர் ஆரம்பிப்பாங்க. அப்புறம் அவ்வளவுதான்.”

“நான் ஒண்ணும் பேச மாட்டேன். சும்மா நிப்பேன்.”

“அது இன்னும் மோசம் சார்.”

ஒரு படி மேலே கால் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்ற எண்ணமாக இருக்கலாம்.

“சார், மேல வந்தீங்கன்னா முடிவைச் சொல்லிடுவேன்.”

“எந்த முடிவு?”

“தொடரோட முடிவு. கடைசி எபிசோடுல அந்த சார் ஸ்வெட்டரைக் கழட்டி...”

“வேண்டாம், வேண்டாம். நாங்க ஒன்பதுலதான் இருக்கோம்.” வைத்த காலை எடுத்துவிட்டேன்.

அவள் மறுபடி உட்கார்ந்தாள். நானும் கீழ்ப்படியில் உட்கார்ந்தேன். மேலே எந்த வீட்டிலோ குக்கர் கத்தியது.

“எல்லாரும் தலையைச் சாய்க்கறாங்க சார்” என்றாள், நோட்டைப் பார்த்துக்கொண்டே. “எதிர் வீட்டு ஆன்ட்டி, பிஸிக்ஸ் டீச்சர், நம்ம மேடம், லைப்ரரியில இருக்கறவங்க. என்னைப் பாத்தாலே கழுத்து அப்படியே சாயுது. உங்க கிளாஸ் ஒண்ணுதான் நேரா இருந்துச்சு. நீங்க வருவீங்க, ‘ரப்பர், இது நோட்டா சல்லடையா’ன்னு கேப்பீங்க, அந்த பீரியட் முடியற வரைக்கும் எனக்கு வீடே ஞாபகம் வராது. இப்ப நீங்களும் பேர் சொல்லிக் கூப்பிடறீங்க. அம்மா வேற சேத்துக்கறீங்க. அப்படிக் கூப்பிட்டாலே எனக்கு வீடு ஞாபகம் வந்துடுது.”

“அப்ப, யாராவது அன்பாப் பேசினா உனக்குப் பிடிக்காதா?”

யோசித்தாள். “அப்படியும் இல்ல சார். தெரியல. அந்தத் தொடரைப் பாத்து நானும் அழுதேன். நமக்கும் ஒரு சார் இப்படி வந்தா நல்லா இருக்கும்னுகூட நினைச்சேன். நிஜமா நீங்க வந்து நின்னதும் பயமாயிடுச்சு. எனக்கே குழப்பமாத்தான் இருக்கு.” பிறகு சொன்னாள்: “சார், கழுத்து.”

அது தானாகச் சாய்ந்திருந்தது. நிமிர்த்திக்கொண்டேன்.

அப்போது மேலே கதவு திறக்கும் சத்தம். “யார்கூடப் பேசிட்டிருக்கே?” என்று ஒரு பெண் குரல்.

ரப்பர் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் பார்வை என் மடியிலிருந்த பைக்கு இறங்கியது.

“ஆரஞ்சு விக்கறவர்மா” என்று மேலே பார்த்துக் கத்தினாள்.

நான் கணிதத்தில் முதுகலை. மாவட்ட அளவில் ஒரு கேடயம் வாங்கியிருக்கிறேன். அது தலைமையாசிரியை அறையில்தான் இருக்கிறது. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினேன்.

“புளிப்பா, இனிப்பா, கேளு.”

“புளிப்பா இனிப்பான்னு கேக்கறாங்க” என்றாள் ரப்பர் என்னிடம், முகத்தில் ஒரு கோடும் அசையாமல்.

“இனிப்புங்க” என்றேன். அந்தக் குரலை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

“அப்ப வேண்டாம்னு சொல்லு. அப்பாவுக்குப் புளிப்பா இருந்தாத்தான் இறங்கும்.”

கதவு மூடவில்லை. பிறகு உள்ளிருந்து ஒரு ஆண் குரல், ரொம்ப நாள் புழங்காத சாமானை எடுப்பது போல, மெதுவாக வந்தது: “இனிப்பா இருந்தாலும் பரவாயில்ல.”

ரப்பர் அசையவில்லை. கையிலிருந்த ரப்பரை விரல்களுக்குள் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். சட்டென்று என் மடியிலிருந்து பையைப் பிடுங்கிக்கொண்டு, நோட்டைப் படியிலேயே போட்டுவிட்டு, இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறினாள். பாதியில் நின்று, “போங்க சார்” என்று வாயை மட்டும் அசைத்தாள்.

நான் போனேன். தெரு முனை வரை வந்த பிறகுதான், குடையைப் படியிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. திரும்பிப் போகவில்லை. ஆரஞ்சு விற்பவன் குடை கேட்டு வந்து நின்றால் நன்றாக இருக்காது.

“என்ன ஆச்சு?” என்றாள் மனைவி.

“வித்துட்டேன்.”

“எதை?”

சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “இது எந்த எபிசோடுலயும் வரலையே” என்றாள். அவளுக்கே கொஞ்சம் குழப்பம்தான். “சரி, இப்ப அந்தப் பொண்ணு இருக்காளா, போறாளா?”

அதை நான் கேட்கவில்லை. அதற்குத்தான் போனேன், அதைத்தான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை தலைமையாசிரியை வராந்தாவிலேயே பிடித்துக்கொண்டார். “பி செக்‌ஷன்ல இடம் ஒதுக்கச் சொல்லிட்டேன் சார். மனசைத் தளர விடாதீங்க. போறவங்களை வாழ்த்தி அனுப்பறதும் ஒரு இதயம்தான்” என்றார். என் கூடவே வகுப்பு வரை நடந்து வந்தார், வாழ்த்துவதைப் பார்ப்பதற்காக.

ரப்பர் வகுப்பில்தான் இருந்தாள். ஆனால் உட்காரவில்லை. முதல் பெஞ்சுக்கும் வாசலுக்கும் நடுவில், தோளில் பையோடு நின்றாள். என்னைத்தான் பார்த்தாள். என்ன சொல்லிக் கூப்பிடப் போகிறேன் என்று காத்திருக்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. இந்தக் கதையிலேயே எனக்குப் புரிந்த ஒரே விஷயம் அதுதான். அது புரிந்ததும் அடுத்த சங்கடம் வந்து நின்றது. முன்பெல்லாம் நான் யோசித்துத் திட்டியதில்லை. வாயில் வரும், விழும். இப்போது அவளுக்காகத் திட்ட வேண்டும். அவளுக்காகத் திட்டினால் அது திட்டா? அதுவும் ஒரு வகையில் பால் டப்பாதானே?

வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே தலைமையாசிரியை நின்றார்.

“என்ன ரப்பர்” என்றேன். “நிக்கறதுக்கு இது என்ன பஸ் ஸ்டாப்பா?”

பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். ரப்பர் கொஞ்ச நேரம் என் கழுத்தையே பார்த்தாள். பிறகு முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்து, பையைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

ஜன்னலுக்கு வெளியே தலைமையாசிரியையின் தலை, என்னைப் பார்த்து, இடது பக்கமாக மெல்லச் சாய்ந்தது. இந்த மனிதனைத் திருத்தவே முடியாதா, பாவம் என்கிற சாய்வு. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஓடிப்போய் எந்த செக்‌ஷனிலாவது ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

திரும்பிப் பலகையில் கணக்கை எழுத ஆரம்பித்தேன். முதுகுக்குப் பின்னால் ரப்பர் தேய்க்கும் சத்தம் கேட்டது. அதற்குள் என்னத்தை அழிக்கிறாள்? போய்ப் பார்த்தேன். பழைய பக்கம் எதையோ அழித்துக்கொண்டிருந்தாள்.

“சார்” என்றாள், நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், எனக்கு மட்டும் கேட்கும்படி. “நீங்க பொய் சொல்லிட்டீங்க. ஆரஞ்சு பயங்கரப் புளிப்பு.”

“அப்புறம்?”

“தீந்து போச்சு சார்.”

“எல்லாமா?”

“எல்லாமே. உங்க குடை எங்க வீட்டுலதான் இருக்கு. யாரோடதுன்னு அம்மா அப்பாவைக் கேட்டாங்க, அப்பா அம்மாவைக் கேட்டாங்க. ரெண்டு நாளா அதையேதான் பேசிட்டிருக்காங்க. இப்பத் திருப்பிக் கொண்டுவர மாட்டேன்.”

அவள் சிரிக்கிறாளா என்று தெரியவில்லை, குனிந்திருந்தாள். என் தலை இடது பக்கம் போகப் பார்த்தது. கையைக் கொடுத்து நிறுத்தினேன். அதன் பிறகு வகுப்பில் என்ன நடத்தினேன் என்று சரியாக நினைவில்லை. வரிசை வரிசையாக நடந்தேன், யாரையோ அதட்டினேன், மணி அடித்தது, வெளியே வந்தேன்.

அடுத்த பீரியட் பிஸிக்ஸ் டீச்சர். உள்ளே போனவர் வாசலுக்குத் திரும்பி வந்து கூப்பிட்டார்.

“சார், போர்டுல பாதி வரியோட விட்டுட்டுப் போறீங்களே. அழிச்சிடவா, முடிக்கறீங்களா?”

எட்டிப் பார்த்தேன். என் கையெழுத்துதான். சமக்குறி வரை எழுதியிருந்தேன். அந்தப் பக்கம் என்ன எழுத நினைத்தேன் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.